தம்புசாமி பிள்ளையும் ரவாங் பம்பும்

தைப்பூசத்தன்று பத்துமலைக்குச் செல்லும் மாணவர் பலருக்குத் தம்புசாமி பிள்ளை என்ற பெயர் புதியதன்று. 1891-ஆம் ஆண்டில் அம்மலைக் குகையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கி வைத்தவர் அவர். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தின் தோற்றத்திலும் அவருக்கு முதன்மையான பங்கு உண்டு. ஆலயங்களோடு சேர்த்தே அவர் பெயர் பேசப்படுவதால், அவர் வாழ்க்கையின் மற்றொரு பக்கம் சற்று மறைந்து போயிற்று. கோலாலம்பூருக்கு வடக்கே உள்ள ரவாங்கில், ஈயச் சுரங்கம் ஒன்றில், மலாயாவிலேயே முதன்முறையாக மின்சாரப் பம்பைக் கொண்டு நீர் இறைத்தவர்கள் இருவர். ஒருவர் சீன வணிகரான லோக் இயூ. மற்றவர் தம்புசாமி பிள்ளை. அது 1894-ஆம் ஆண்டு. அந்தப் பம்பு எதற்காகத் தேவைப்பட்டது என்பதை அறிந்தால்தான் அதன் அருமை விளங்கும்.

தம்புசாமி பிள்ளை 1850-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பிறந்தார். புகழ்பெற்ற இராபிள்ஸ் கல்விக்கூடத்தில் ஆங்கிலக் கல்வி பயின்றார். பின்னர் ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன் என்னும் வழக்கறிஞரிடம் எழுத்தராகப் பணியில் சேர்ந்தார். வழக்கறிஞர் அலுவலகத்தில் ஓர் ஆவணம் காணாமற்போனாலும், ஒரு தேதி தவறிப்போனாலும் வழக்கே தோற்றுவிடும். கணக்கும் பதிவும் சரியாக இருக்கவேண்டும் என்னும் பழக்கம் அவருக்கு இளமையிலேயே கைவந்தது அங்கேதான் என்று கொள்ளலாம்.

1875-ஆம் ஆண்டில் டேவிட்சன் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்டாக, அதாவது சுல்தானின் ஆட்சி ஆலோசகராக, நியமிக்கப்பட்டார். அவரோடு தம்புசாமியும் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அந்நாளில் சிலாங்கூரின் நிர்வாகம் கிள்ளானிலிருந்தே நடைபெற்றது. கிள்ளான் போர் ஓய்ந்து நெடுங்காலம் ஆகவில்லை. ஆற்றங்கரையில் சில கட்டடங்கள், சுற்றிலும் காடு, ஊர்களை இணைக்கச் சாலைகள் இல்லாத நிலை. கோலாலம்பூருக்குச் செல்லவேண்டுமானால் ஆற்றில் படகேறி, நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போடவேண்டும்.

டேவிட்சன் அடுத்த ஆண்டே பேராக்கிற்கு மாற்றலாகிச் சென்றார். தம்புசாமி சிலாங்கூரிலேயே தங்கிவிட்டார். அரசாங்கக் கருவூலத்தில் தலைமை எழுத்தராக உயர்ந்தார். சில வேளைகளில் மாநிலக் கருவூல அதிகாரியின் பொறுப்பையும் தற்காலிகமாக ஏற்றார். சிலாங்கூர் அரசின் வருவாயில் பெரும்பகுதி ஈயத்தின் மீது விதிக்கப்பட்ட வரியிலிருந்து வந்தது. சுரங்கங்கள் நன்றாக நடந்தால் கருவூலம் நிரம்பும். அவை நின்றால் கருவூலமும் வற்றும். மழையில் ஒரு சுரங்கம் மூழ்கினால் அதன் விளைவு வரிக் கணக்கில் ஒரு வெற்று வரியாக வந்து நிற்கும். சுரங்கத்தில் இறங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, தம்புசாமி பிள்ளை அந்தத் தொழிலை ஏடுகளின் வழியாகப் பார்த்திருந்தார்.

1880-ஆம் ஆண்டில் நிர்வாகத் தலைமையகம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. அந்தக் கோலாலம்பூர் இன்று நாம் காணும் மாநகரமன்று. மரப்பலகையாலும் அத்தாப்பு ஓலையாலும் கட்டிய வீடுகள் நெருங்கிக் கிடந்த சுரங்கப் பட்டணம். 1881-ஆம் ஆண்டில் முதலில் பெருந்தீ, பிறகு பெருவெள்ளம் என இரண்டு பேரிடர்கள் அதனைத் தாக்கின. அதன்பின் செங்கல்லாலும் ஓட்டாலும் நகரைக் கட்டவேண்டும் என்று அரசு முடிவு செய்தது. செங்கல் சூளைகள் இருந்த பகுதிதான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ். 1886-ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் அக்கரையில் உள்ள புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது. 1890-ஆம் ஆண்டில் ஆற்றின்மேல் பாலம் அமைந்ததும் கிள்ளான் நகருக்குள்ளேயே ரயில் வந்தது.

இந்த ரயில் பாதைக்கும் பொதுப்பணித் துறைக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். தமிழகத்திலிருந்து தொழிலாளரை அழைத்து வரும் பொறுப்பு தம்புசாமி பிள்ளையிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் இந்தியாவுக்குச் சென்று முதல் குழுவினரை அழைத்து வந்தார். ரயில் பாதையில் தமிழர் செய்த வேலை பாதை போடுவதோடு முடியவில்லை. போட்ட பாதையை நாள்தோறும் காப்பதே அதனினும் நீண்ட வேலை. மலாயாவின் மழை, தண்டவாளத்தின் அடியில் கிடக்கும் சரளைக் கல்லை அரித்துச் செல்லும். ஈரத்திலும் கறையானிலும் கட்டைகள் உளுத்துப்போகும். கட்டையோடு தண்டவாளத்தைப் பிணைக்கும் ஆணி ரயிலின் அதிர்வால் மெல்ல மெல்ல மேலே எழும்பும். இவற்றில் எதுவும் ஒரே நாளில் ரயிலைக் கவிழ்த்துவிடாது. ஆகவே, ஒரு மண்டோரின் கீழ் சிலர் தங்களுக்குரிய பாதைப் பகுதியை நடந்தே பார்த்து, எழும்பிய ஆணியை அடித்து இறக்கி, சரளையை இட்டு இறுக்கி, உளுத்த கட்டையை மாற்றிவந்தனர். வரலாற்று நூல்களில் இவர்களுக்கு இடம் குறைவு. பாலம் திறந்த நாளுக்குத் தேதி உண்டு. பாலம் விழாமல் நின்ற நாள்களுக்குத் தேதி கிடையாது.

சில ஆண்டுகளில் தம்புசாமி பிள்ளை அரசுப் பணியை விட்டுச் சொந்தத் தொழிலில் இறங்கினார். குத்தகை வேலை, பணம் கொடுக்கல் வாங்கல், தோட்டம் எனப் பல துறைகளில் கால் வைத்தார். அவற்றுள் மிகுந்த செல்வத்தைத் தந்ததும் மிகுந்த இடரைத் தந்ததும் ஈயச் சுரங்கமே. லோக் இயூவோடு கூட்டாக ரவாங்கில் ஒரு சுரங்க நிறுவனத்தை நடத்தினார். லோக் இயூ சீனாவிலிருந்து சிறுவயதிலேயே வந்து, கடைச் சிப்பந்தியாகத் தொடங்கிப் பெருஞ்செல்வராக உயர்ந்தவர். ஒருவர் சீனர், மற்றவர் தமிழர். ஒருவர் கடையில் வளர்ந்தவர், மற்றவர் அலுவலகத்தில் வளர்ந்தவர். இருவரையும் இணைத்தது தொழில்.

ரவாங் சுரங்கத்தின் கதையைப் புரிந்துகொள்ள, அக்கால ஈயச் சுரங்கம் எப்படி இருந்தது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். மக்கள் வழக்கில் அதனை 'ஈயலம்பம்' என்பார்கள். சுரங்கம் என்றதும் மலையைக் குடைந்து செல்லும் இருட்டுக் குகை நினைவுக்கு வரலாம். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை அல்ல. அவை வானம் பார்த்த பெரும்பள்ளங்கள். ஈயத்தாது ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணலிலும் சரளையிலும் கலந்து, தரைக்குக் கீழே ஓர் அடுக்காகக் கிடக்கும். மேல்மண்ணை மண்வெட்டியால் வெட்டி, கூடையில் இட்டு, தோளில் காவடியாகச் சுமந்து வெளியே கொட்டவேண்டும். தாது அடுக்கு வெளிப்பட்டதும் அதனை மேலே கொண்டுவந்து, சாய்வான மரவாய்க்காலில் நீரோடவிட்டு அலசவேண்டும். மணல் நீரோடு போய்விடும். கனமான ஈயத்தாது அடியில் தங்கும்.

இத்தொழிலுக்கு நீர்தான் உயிர், நீர்தான் பகையும்கூட. மேலே அலசுவதற்கு நீர் வேண்டும். கீழே பள்ளத்தில் நீர் தேங்கவே கூடாது. கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மாலையில் ஒரு கனமழை போதும். பள்ளத்தின் நாற்புறமிருந்தும் நீர் வழிந்து இறங்கும். மழை இல்லாத நாளிலும் மண்ணுக்குள்ளிருந்து ஊற்றுநீர் கசிந்துகொண்டே இருக்கும். பள்ளம் ஆழமாக ஆழமாக ஊற்றும் பெருகும். இறைப்பதை ஓர் இரவு நிறுத்தினால் காலையில் பள்ளம் குளமாகிவிடும். ஒரு வாரம் நிறுத்தினால் நனைந்த கரைகள் சரிந்து, மாதக்கணக்கில் வெட்டிய வேலை மண்ணுக்குள் போய்விடும்.

இதனால் பாதிக்கப்பட்டவர் முதலாளி மட்டுமல்லர். அக்காலச் சுரங்கங்களில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். பல சுரங்கங்களில் அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. அரிசியும் பிற பொருள்களும் கடனாகக் கொடுக்கப்படும். ஈயத்தை உருக்கி விற்ற பிறகே கணக்குத் தீர்க்கப்படும். சுரங்கம் மூழ்கிக் கிடந்தாலும் சாப்பிட்டுத்தானே ஆகவேண்டும்? கடன் ஏறிக்கொண்டே போகும், ஈயமோ வராது. நின்றுபோன இறைவை ஒன்று, சீனத்துக் கிராமத்தில் பணத்தை எதிர்பார்த்திருக்கும் ஒரு குடும்பத்தின் அடுப்பு வரைக்கும் எட்டும்.

நீரை இறைக்கத் தொடக்கத்தில் பயன்பட்டது சீனர்களின் மரச் சங்கிலி இறைவை. நீண்ட மரத்தொட்டி ஒன்று பள்ளத்திலிருந்து மேல்நோக்கிச் சாய்ந்து கிடக்கும். அதனுள் சிறு சிறு பலகைகள் கோத்த முடிவற்ற சங்கிலி ஓடும். ஒவ்வொரு பலகையும் கொஞ்சம் நீரைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். ஓடை நீரால் சுழலும் சக்கரம் அதனை இயக்கும். எளிய கருவி, உடைந்தால் ஊர்த் தச்சரே சரிசெய்துவிடலாம். தமிழகத்து ஏற்றத்தைப் போலவே அறிவான ஏற்பாடு. ஆனால், கோடையில் ஓடை வற்றினால் சக்கரம் நின்றுவிடும். பள்ளம் ஆழமானால் சங்கிலியின் நீளமும் பாரமும் கூடி, மரம் தாங்காது.

அடுத்து வந்தது நீராவி இயந்திரம். 1870-களின் பிற்பகுதியில் பேராக்கின் லாருட் பகுதியில் நீராவிப் பம்பு பயனுக்கு வந்தது. சிலாங்கூரிலும் அது பரவியது. பல சங்கிலி இறைவைகள் செய்யும் வேலையை ஒரே பம்பு செய்தது. ஆயினும், அந்தப் பம்பைத் தொடர்ந்து ஓடவைப்பது எளிதாக இல்லை. கொதிகலனுக்கு இரவும் பகலும் விறகு வேண்டும். சுரங்கத்தைச் சுற்றியிருந்த காடுகள் விறகுக்காக வெட்டப்பட்டு, ஆண்டுக்கு ஆண்டு விறகு தொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று. மற்றொரு தொல்லை கண்ணுக்குத் தெரியாதது. கொதிகலனில் ஊற்றும் நீரில் சேறும் உப்பும் கலந்திருக்கும். நீர் ஆவியாகிவிடும், உப்பும் சேறும் உள்ளேயே ஓடுபோல் படியும். வீட்டில் நாள்தோறும் வெந்நீர் வைக்கும் பானையின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்போம், அதே படிவுதான். இந்தப் படிவு வெப்பத்தை நீருக்குப் போகவிடாமல் தடுக்கும். அதனால் விறகு அதிகம் எரியும். இரும்புத் தகடோ அளவுக்கு மீறிக் காய்ந்து வலுவிழக்கும். கடைசியில் ஒருநாள், அழுத்தம் தாங்காமல் கொதிகலன் வெடிக்கும். அருகில் நிற்பவர் உயிர்தப்புவது அரிது.

இதற்குத் தீர்வு ஒன்றுதான். வெடிக்கும் வரை காத்திராமல், குறித்த நாளில் தீயை அணைத்து, கொதிகலனை ஆறவிட்டு, திறந்து, உள்ளே சுரண்டித் துப்புரவு செய்யவேண்டும். ஆனால், நீர் ஏறிக்கொண்டிருக்கும் சுரங்கத்தில் பம்பை நிறுத்த எந்த முதலாளிக்கு மனம் வரும்? இன்று ஒருநாள் ஓடட்டும், நாளை பார்க்கலாம் என்றுதான் தோன்றும். தொழிற்சாலைகளில் இன்றும் நாள்தோறும் நடக்கும் போராட்டம் இது. அதனாலேயே சட்டம் குறுக்கிட வேண்டியிருந்தது. கொதிகலன்களின் பாதுகாப்புக்கென 1892-ஆம் ஆண்டில் சிலாங்கூர் அரசு தனிச்சட்டம் ஒன்றை இயற்றியது. மலாய் மாநிலங்களில் இத்தகைய சட்டத்தை முதலில் கொண்டுவந்தது சிலாங்கூரே. பேராக் உள்ளிட்ட மாநிலங்கள் பின்னரே இவ்வழிக்கு வந்தன. இன்று நாட்டின் தொழிற்சாலைகளில் இயந்திரங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் நடைமுறையின் வேர், ஈயச் சுரங்கக் காலத்துக் கொதிகலன்களில் இருக்கிறது.

நீராவிப் பம்புக்கு இன்னுமொரு குறை இருந்தது. பம்பு நீரை உறிஞ்சும் உயரத்திற்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்திருக்கிறது. காற்றின் அழுத்தம்தான் நீரைக் குழாயில் மேலே தள்ளுகிறது. எவ்வளவு சிறந்த பம்பாயினும் பத்து மீட்டருக்கு மேல் உறிஞ்ச முடியாது. நடைமுறையில் ஏழெட்டு மீட்டரே கிடைக்கும். ஆகவே, பள்ளம் ஆழமாகும்போது பம்பும் கூடவே கீழே இறங்கவேண்டும். பம்போடு கனத்த நீராவி இயந்திரத்தையும் இறக்கினால், ஒரு பெருமழையில் எல்லாமே மூழ்கிவிடும். இயந்திரத்தை மேலே வைத்துவிட்டு, நீண்ட குழாய்வழி நீராவியைக் கீழே அனுப்பினாலோ, வழியிலேயே அது குளிர்ந்து வலுவிழந்துபோகும்.

இந்தச் சிக்கலுக்கு மின்சாரம் அழகான விடை தந்தது. மின்னாக்கியை மேட்டில், மழைபடாத கொட்டகையில் நிறுத்தலாம். அங்கிருந்து செம்புக் கம்பி ஒன்று பள்ளத்தில் இறங்கினால் போதும். அதன் முனையில் மோட்டாரும் பம்பும் சுழலும். பள்ளம் ஆழமானால் கம்பியை நீட்டி, பம்பை மட்டும் நகர்த்தலாம். கம்பியில் நீராவி குளிர்வதில்லை.

இன்று இது சாதாரணமாகத் தோன்றலாம். அந்தக் காலத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். நியூயார்க் நகரில் எடிசன் தமது மின்நிலையத்தைத் திறந்தது 1882-ஆம் ஆண்டில். அதன்பின் பன்னிரண்டே ஆண்டுகளில், 1894-இல், ரவாங் என்னும் சிறிய சுரங்க ஊரில் லோக் இயூவும் தம்புசாமி பிள்ளையும் மின்னாக்கியை நிறுவினர். மலாயாவில் மின்சாரம் உற்பத்தி செய்யப்பட்டதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று இதுவே. கோலாலம்பூர் ரயில் நிலையத்திற்கே அதற்கு அடுத்த ஆண்டில்தான் மின்சாரம் கிடைத்தது. நாட்டின் மின்சார வரலாறு தலைநகரின் மாளிகை ஒன்றில் தொடங்கவில்லை. சேறு நிறைந்த பள்ளத்தில் தொடங்கியது.

இருவரும் வேடிக்கைக்காக மின்சாரத்தைக் கொண்டுவரவில்லை. கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள். புதிய இயந்திரத்திற்குச் செலவாகும் தொகை பெரிது. ஆனால், சுரங்கம் ஒரு மாதம் மூழ்கிக் கிடந்தால் போகும் தொகை அதனினும் பெரிதாக இருக்கக்கூடும். எவ்வளவு நீரை இறைக்கிறது என்பது ஒரு பம்பின் வலிமை. எத்தனை நாள் நிற்காமல் இறைக்கிறது என்பது அதன் நம்பகத்தன்மை. சுரங்கக்காரருக்கு இரண்டாவதே முதன்மையானது. ஒரு மணி நேரத்தில் பள்ளத்தை வற்றச் செய்துவிட்டு மறுநாள் பழுதாகும் பம்பைக்கொண்டு எந்தச் சுரங்கத்தையும் நடத்த முடியாது.

மின்பம்பு வந்ததும் கவலை தீர்ந்துவிட்டது என்று எண்ணுவதும் சரியன்று. கொதிகலனின் கவலை ஒருவகை. மோட்டாரின் கவலை வேறுவகை. சுரங்க நீரில் எப்போதும் மணல் இருக்கும். பம்புக்குள் சுழலும் விசிறிச் சக்கரத்தை அந்த மணல் அரம்போல் அராவிக்கொண்டே இருக்கும். சக்கரம் தேயத் தேயப் பம்பு இறைக்கும் நீரின் அளவு சிறிது சிறிதாகக் குறையும். பம்பு ஓடுகிற ஓசை மட்டும் மாறாது. ஆகவே, பலர் அதனைக் கவனிக்கமாட்டார்கள். உறிஞ்சு குழாயின் வாயில் உள்ள சல்லடையை இலையும் வேரும் அடைத்துக்கொள்ளும். சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கு எண்ணெய் குறைந்தால் அவை சூடேறித் தேயும். அக்கால மோட்டார்கள் பலவற்றில் மின்சாரத்தைச் சுழலும் பகுதிக்குக் கொண்டுசெல்லக் கரித்துண்டுகள் இருக்கும். அவை தேய்ந்தால் தீப்பொறி பறக்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, மலாயாவின் ஈரக்காற்று கம்பியின் மீதுள்ள காப்புறைக்குள் புகுந்து மின்கசிவை உண்டாக்கும்.

இவற்றை முன்கூட்டியே அறிவதற்கு அன்று இன்றுள்ள மின்னணுக் கருவிகள் இல்லை. இயந்திரத்தருகே இருப்பவரின் கண்ணும் காதும் கையுமே கருவிகள். பேரிங்கின் மேல் கைவைத்துப் பார்த்தால் நேற்றைவிடச் சூடா என்பது தெரியும். ஒரு குச்சியின் ஒரு முனையை இயந்திரத்தில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால், உள்ளே உரசும் ஒலி கேட்கும். பழைய இயந்திரப் பணியாளர் உலகெங்கும் செய்துவந்த முறை இது. கிள்ளான், ஷா ஆலாம் வட்டாரத் தொழிற்சாலைகளில் இன்று பேரிங்குகளின் அதிர்வை உணர்கருவிகள் அளந்து கணினிக்கு அனுப்புகின்றன. குச்சியின் வேலையைத்தான் அவை செய்கின்றன. மிக நுட்பமாகச் செய்கின்றன என்பதே வேறுபாடு. 1970-களில் ஜப்பானியத் தொழிற்சாலைகள், இயந்திரத்தை இயக்கும் தொழிலாளியே அதனைத் துடைத்து, எண்ணெயிட்டு, சோதித்துப் பேணும் முறையை வகுத்து உலகிற்குத் தந்தன. இயந்திரத்தோடு நாள் முழுதும் இருப்பவருக்கே அதன் குரல் மாறுவது முதலில் தெரியும் என்பது அதன் அடிப்படை.

ரவாங்கில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவைப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அது தொலைவு. இத்தகைய இயந்திரங்களும் அவற்றின் உறுப்புகளும் கப்பலேறிக் கடல் கடந்து வரவேண்டியவை. ஐரோப்பாவிலிருந்து சூயஸ் கால்வாய் வழியாகச் சிங்கப்பூரை அடையவே வாரக்கணக்கில் ஆகும். அங்கிருந்து சிறு கப்பலில் கிள்ளான். கிள்ளானிலிருந்து ரயிலில் கோலாலம்பூர். கோலாலம்பூரிலிருந்து வடக்கே செல்லும் ரயில் பாதை ரவாங்கை எட்டியது 1892-ஆம் ஆண்டில்தான். அதற்குமுன் கனத்த இயந்திரங்களை மாட்டுவண்டிப் பாதையில் இழுத்துச் செல்லவேண்டும். மழைக்காலத்தில் சக்கரம் அச்சுவரை சேற்றில் புதையும். ரயில் வந்த ஈராண்டுக்குள் மின்னாக்கியும் வந்தது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை. அப்படியிருந்தும், ஓர் உறுப்பு உடைந்து அதற்கு மாற்று வரவேண்டுமானால் காத்திருப்பு நெடியது. மழை அதுவரை பொறுத்திருக்காது. தேயும் உறுப்புகளுக்கு மாற்றுகளை முன்னதாகவே வாங்கி அடுக்கி வைப்பதும், இருப்பவை தேயாமல் காப்பதும் இத்தகைய தொலைதூரச் சுரங்கங்களுக்குப் பிழைப்பின் நிபந்தனையாக இருந்தன.

செல்வமும் செல்வாக்கும் சேர்ந்த பின் தம்புசாமி பிள்ளை பொதுப்பணிகளிலும் ஈடுபட்டார். 1893-ஆம் ஆண்டில் விக்டோரியா கல்விக்கூடம் தொடங்கப்பட்டபோது, லோக் இயூ, கப்பித்தான் யாப் குவான் செங் ஆகியோரோடு அவரும் அதன் முதல் அறங்காவலர்களுள் ஒருவரானார். அப்பள்ளியின் முதல் கட்டடம் கிள்ளான் ஆற்றுக்கு அருகில் இருந்ததால் வெள்ளத்தில் அடிக்கடி அவதிப்பட்டு, 1929-ஆம் ஆண்டில் மேட்டுநிலத்திற்கு இடம்பெயர்ந்தது. நீரின் தொல்லை அவர் தொட்ட இடமெல்லாம் தொடர்ந்திருக்கிறது! பத்துமலையில் அவர் தொடங்கிவைத்த வழிபாடு 1892 முதல் தைப்பூச விழாவாக வளர்ந்து, இன்று உலகெங்குமிருந்து மக்களை ஈர்க்கிறது.

1902-ஆம் ஆண்டில், பிறந்த ஊரான சிங்கப்பூருக்குச் சென்றிருந்தபோது அவர் காலமானார். அப்போது அவர் ஐம்பது வயதைக் கடந்து சில ஆண்டுகள்கூட ஆகவில்லை. கோலாலம்பூரில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஒரு தமிழ்ப்பள்ளியும் அவர் பெயரால் விளங்குகிறது.

அவர் மறைவுக்குப் பின் மின்சாரம் சுரங்கங்களிலிருந்து நகரங்களுக்குப் பரவியது. பாகாங்கின் ராவுப் தங்கச் சுரங்கத்திற்காக செம்பாம் ஆற்றில் 1900-ஆம் ஆண்டிலேயே நீர்மின் நிலையம் அமைந்திருந்தது. 1927-ஆம் ஆண்டில் பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே பங்சாரில் பெரிய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் கொதிகலன்களில் எரிந்தது ரவாங்குக்கு அருகிலுள்ள பத்து ஆராங்கில் வெட்டிய நிலக்கரி. செந்தூலில் எழுந்த ரயில் பட்டறையில் இயந்திரங்களைக் கழற்றிச் சோதித்துப் பூட்டும் வேலையில் தமிழர் பல தலைமுறைகளாக ஈடுபட்டனர். பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே குடியிருப்புகளிலிருந்து விடியற்காலையில் வேலைக்குப் புறப்பட்டவர்களுள் பலர், தம்புசாமி பிள்ளை காலத்தில் கப்பலேறி வந்தவர்களின் வழியில் வந்தவர்கள்.

ஈயத் தொழில் மட்டும் நிலைக்கவில்லை. தாது குறைந்தது, 1985-ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலையும் சரிந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் எஞ்சியிருந்த சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பம்புகளை நிறுத்திவிட்டு ஆட்கள் வெளியேறினர். மழைநீரும் ஊற்றுநீரும் பள்ளங்களில் ஏறின. தித்திவங்சா ஏரி, சுங்கை பீசிக்கு அருகிலுள்ள மைன்ஸ் ஏரி என இன்று மாலையில் மக்கள் உலாவும் நீர்நிலைகள் பல, அப்படி நிரம்பிய பழைய ஈயலம்பங்களே.